மூன்று தட்டுக் கதவு

கலிபோர்னியாவின் சான் வோக்கீன் பள்ளத்தாக்குக்கு மேற்கே பனோச்சே குன்றுகள் என்றொரு வறண்ட குன்றுத்தொடர் இருக்கிறது. அங்கே எஸ்கார்ப்பாடோ என்ற மலையிடுக்கில், மொரீனோ படிவு என்று பெயர் பெற்ற பழைய கடற்சேறு பாறையாகி வெளியே தெரிகிறது. டைனோசர் காலத்துக் கடற்பல்லிகளான மொசசோர்களின் எலும்புகள் கிடைத்த படிவு அது. வாரன் டிரக் என்ற ஆய்வாளர் அந்தப் பாறைத்துண்டுகளை அமிலத்தில் கரைத்தார். கரையாமல் எஞ்சிய தூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, கண்ட உருவங்களை அளந்து, படம் பிடித்து, 1967இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் பெயர் பெற்றவற்றுள் ஒன்று ட்ரைதைரோடினியம் எவிட்டியை.

அது ஒரு கூடு. ஒரு மில்லிமீற்றரை இருபதாகப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு பங்கு அதன் அளவு. வெளியே மெல்லிய உறை, உள்ளே தடித்த உறை. வெளியுறை கிழிந்தோ கழன்றோ போயிருக்க, பழுப்பேறிய உள்ளுறை மட்டும் கிடைப்பதே அதிகம். அதன் முன்பாதியில், முதுகுப் பக்கத்தில், பெரிய திறப்பு ஒன்று இருக்கும். அடுத்தடுத்திருந்த மூன்று தட்டுகள் கழன்று விழுந்த இடம் அது. எந்த நாட்டுப் பாறையில் கிடைத்தாலும் தட்டுகள் மூன்றுதான், இடமும் அதேதான். கூட்டுக்குள் இருந்த உயிர் அந்த வழியாக வெளியே போய்விட்டது.

பெரும்பாலான புதைபடிவங்கள் சாவின் அடையாளங்கள். எலும்பும் பல்லும் சிப்பியும் ஓர் உயிர் முடிந்த இடத்தைச் சொல்கின்றன. கதவு திறந்து கிடக்கும் இந்தக் கூடு, உள்ளே இருந்தது பிழைத்து வெளியேறியதைச் சொல்கிறது. அதுவும் எந்தக் காலத்தில்? ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்ததை ஒட்டிய காலத்தில். பாலியோசீன் யுகத்தின் முதல் கட்டமான டேனியன் காலத்துப் பாறைகளில் இந்தக் கூடு குவிந்து கிடக்கிறது. இத்தனை சிறிய பொருளைப் பற்றி இத்தனை எழுத வேண்டுமா என்று கேட்பவருக்கு இதுவே என் பதில்.

இதன் உறவினர்கள் நம் காலடியில் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவியில் நீர் மொண்டு, கண் மிக நுண்ணிய பிளாங்டன் வலையில் வடித்துப் பார்த்தால் தெரியும் கூட்டத்தில் டைனோபிளாஜெலேற்றுகளும் இருக்கும். ஒரே கலத்தால் ஆன உயிர்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவுக்குமுளைகள். ஒன்று இடுப்பைச் சுற்றிய பள்ளத்தில் ஓடும், மற்றது பின்னால் நீளும். இரண்டும் சேர்ந்து அடிக்க, உடல் சுழன்றுகொண்டே முன்னேறும். சில இனங்கள் தாவரம் போல வெயிலில் உணவு தயாரிக்கும். சில பிற உயிர்களைத் தின்னும். சில இரண்டையும் செய்யும். இரவில் துடுப்புப் பட்ட இடத்தில் நீர் நீலமாக மினுங்கினால் அதற்கும் பெரும்பாலும் இவையே காரணம். 2019 ஓகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் ஒளிர்ந்து ஊரே திரண்டு பார்த்ததே, அது நொக்டிலூக்கா என்ற டைனோபிளாஜெலேற்றின் வேலை. ஆனால் நொக்டிலூக்கா பாறையில் நிலைக்கும் கூடு கட்டுவதில்லை. அதனால் எவ்வளவு பெருகினாலும் பாறையில் அதற்குத் தடயம் இல்லை.

கூடு கட்டும் இனங்கள் இக்குலத்தில் சிறு பகுதிதான். அவை ஏன் கட்டுகின்றன என்பதை வாவிக்கரையில் இருந்து யோசித்தால் எளிதில் விளங்கும். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனை திசையில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த நீர், பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும். நீர் வற்றி, சூடேறி, ஆழமற்ற ஓரங்களில் உப்பு ஏறும். வாடைக் காற்றோடு மாரி இறங்கியதும் படுவான்கரைப் பக்கத்து ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். வயல் மூழ்காதிருக்க முகத்துவாரம் வெட்டப்படும், கடல் உள்ளே வரும். ஒரே ஆண்டுக்குள் ஒரே இடத்தில் இத்தனை வகைத் தண்ணீர். இதில் மீன் விலகிப் போகலாம், நண்டு சேற்றில் புதையலாம். ஒற்றைக் கல உயிர் எங்கே போகும்?

உணவு குறையும்போது, அல்லது சூழல் மாறும் அறிகுறி தெரியும்போது, இரண்டு கலங்கள் ஒன்றிணைகின்றன. இணைந்த கலம் தன் உடலுக்குள்ளேயே தடித்த சுவர் ஒன்றை எழுப்பிக்கொள்கிறது. நீச்சல் நிற்கிறது, சவுக்குமுளைகள் மறைகின்றன. பாரமான கூடு அடியில் போய்ச் சேற்றோடு சேர்கிறது. இனத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட காலம்வரை, எது நடந்தாலும் அது விழிக்காது. படுவான்கரை விவசாயி மாரி வரும்வரை விதைநெல்லை மூடி வைத்திருப்பது போன்ற காத்திருப்பு இது. வெப்பமும் ஒட்சிசனும் வெளிச்சமும் கூடிவரும் நாளில் சுவரின் குறிப்பிட்ட தட்டுகள் மட்டும் கழன்று விழ, உயிர் நீந்தி மேலே போகிறது. வெறுங்கூடு சேற்றில் கிடக்கிறது.

காத்திருப்பு எவ்வளவு காலம் நீளலாம்? சுவீடனின் கோல்ஜோ ஃபியோர்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முந்திய அடிச்சேற்றை எடுத்து, அதிலிருந்த கூடுகளுக்கு ஒளியும் ஊட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை திறந்தன, உள்ளே இருந்தவை நீந்தின, பெருகின. இந்த ஆய்வு 2011இல் வெளியானது. இந்தத் திறமையை மனதில் வைத்துக்கொண்டுதான் எவிட்டியையின் காலத்துக்குப் போகவேண்டும்.

அந்தக் காலத்தில் இலங்கை இந்தியாவோடு ஒரே கண்டத்தட்டில் ஒட்டியபடி, மத்திய கோட்டுக்குத் தெற்கே வெகு தொலைவில், வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இமயமலை இல்லை, வங்காள விரிகுடாவின் இன்றைய வடிவமும் இல்லை. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிக்கொண்டிருந்தது. அப்போது உலகின் மறுபக்கத்தில், இன்றைய மெக்சிக்கோவின் யுகற்றான் ஓரத்தில், சிக்சுலப் என்று இன்று பெயர் சொல்லும் இடத்தில், ஏறக்குறைய 10 கிலோமீற்றர் அகலமான விண்கல் விழுந்தது. தூசும் புகைக்கரியும் கந்தகமும் வானை மூடின. ஒளி குன்றியதும் கடலின் உணவுச் சங்கிலி அடியிலேயே அறுந்தது. சுண்ணாம்புத் தகடு போர்த்திய நுண்பாசிகளிலும் மிதக்கும் போராமினிபெராக்களிலும் பெரும்பாலான இனங்கள் அழிந்தன. அம்மோனைற்றுகள் முற்றாக முடிந்தன. டெக்சாஸின் பிராசோஸ் ஆற்றுப் படிவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, மோதலைத் தொடர்ந்து கடலின் மேற்பரப்பு சடுதியாகக் குளிர்ந்ததைக் காட்டியது.

டைனோபிளாஜெலேற்றுகளின் பதிவில் அப்படியொரு பேரழிவு இல்லை. பாறையில் மோதலைக் குறிக்கும் எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்த இனங்களில் பெரும்பாலானவை மேலேயும் இருக்கின்றன. அளவு கூடிக் குறைகிறது, இடம் மாறுகிறது, ஆனால் குலம் அறுபடவில்லை. வெளிச்சம் இல்லாத மாதங்களைச் சேற்றுக்குள் உறங்கிக் கழிக்கத் தெரிந்தவை பிழைத்தன என்பதே ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கம். இதை நான் நம்புகிறேன். கூடுதல் வலிமையோ வேகமோ இவற்றுக்கு இல்லை. முன்பே இருந்த ஒரு பழக்கம் பெருங்கேட்டின்போது உதவியிருக்கிறது.

எவிட்டியை அதற்கு மேலும் ஒன்று செய்தது. வெப்பக் கடல்களில் அது மோதலுக்கு முன்பே, கிரெட்டேசியஸ் காலக் கடைசியில் வாழ்ந்திருக்கிறது. துருவப் பக்கத்துக் கடல்களில் அப்போது அது இல்லை. மோதலுக்குப் பின் பாறைகளைப் பார்த்தால், அந்தாட்டிக்காவின் சீமோர் தீவில் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே திடீரென்று தோன்றி, எண்ணிக்கையில் மற்றவற்றை அமுக்கிவிடுகிறது. அது தென் அகலக்கோடு 64 பாகையில் இருக்கும் தீவு. வடக்கே மேற்குக் கிறீன்லாந்தின் நூசுவாக் தீபகற்பத்தில், வட அகலக்கோடு 70 பாகையை அண்டி, அதே கதை. குளிர் கழிந்து கடல் மீண்டும் வெதுவெதுப்பானபோது இந்த வெப்பக்கடல் இனம் இரு துருவங்களின் திசையிலும் பரவியது என்று ஆய்வாளர்கள் இதை வாசிக்கிறார்கள். தனியொரு கலம் அத்தனை தூரம் நீந்தவில்லை. நீரோட்டம் கொண்டுபோன இடத்தில் பெருகி, கூடு கட்டி, உறங்கி, மறுபடி எழுந்து, அடுத்த நீரோட்டத்தில் ஏறி, தலைமுறை தலைமுறையாக நடந்த பயணம் அது. காலியான கடலில் போட்டிக்கு ஆள் குறைவாக இருந்ததும் அதற்கு வாய்த்திருக்கும்.

பிறகு இவ்வினமும் மறைந்தது. கூடுகள் மட்டும் சேற்றில் நின்றன.

அந்தச் சுவர் டைனோஸ்பொரின் என்ற கரிமப் பொருளால் ஆனது. சிப்பியைக் கரைக்கும் அமிலம் அதைக் கரைப்பதில்லை. பக்டீரியா அதைத் தின்னத் திணறும். அதற்கு எதிரிகள் இரண்டு, ஒட்சிசனும் வெப்பமும். காற்றுப் பட்டுச் சிவந்து உளுத்த பாறையில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. கறுத்த, காற்றுப் புகாத களிப்பாறைதான் நல்ல காப்பறை. வெப்பம் ஏற ஏற நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கடைசியில் கரியாகும். எண்ணெய் தேடுவோர் அந்த நிறத்தைப் பார்த்தே, பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

மட்டக்களப்பில் கிணறு தோண்டினால் அந்தக் காலத்துச் சேறு வருமா? வராது. கிழக்கிலங்கையின் அடித்தளம் விஜயன் தொகுதி எனப்படும் உருமாறிய பாறை, ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழமையானது. அதன் மேல் நேரடியாகக் கிடப்பது சில ஆயிரம் ஆண்டு வயதான மணலும் வாவிச் சேறும். இடைப்பட்ட நெடுங்காலத்தின் கடல் நம் தரையில் ஏடு எதையும் விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்கூட மயோசீன் காலத்தது, டேனியனுக்கு மிகப் பிந்தியது.

கடலுக்குள் போனால்? 1972இல் குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து புறப்பட்டு, இந்து சமுத்திரத்தின் அடியைத் துளைத்துக்கொண்டே கொழும்புக்கு வந்தது. அதன் 218ஆம் இலக்கத் துளை, மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே 500 கிலோமீற்றர் அளவு தொலைவில் இடப்பட்டது. அடித்தரைக்குக் கீழே 773 மீற்றர் போயும் கிடைத்தது மயோசீன் வரைதான். இமயமலை உயர உயர கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே அவ்வளவு கனம். டேனியன் இருந்தால் அதற்கும் கீழே வெகு ஆழத்தில் கிடக்கும்.

தமிழ் மண்ணில் டேனியன் கடலைக் காலால் மிதிக்க விரும்புபவர் அரியலூருக்குப் போகவேண்டும். செந்துறைப் பக்கத்தில் நின்னியூர் என்ற ஊரின் பெயரையே பெற்ற படிவு டேனியன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதற்கு அடியில் கல்லமேட்டு மணற்கல், டைனோசர் எலும்புத் துண்டுகள் கிடைத்த நிலத்துப் படிவு. கீழே பல்லியின் தரை, மேலே திரும்பி வந்த கடல். இரண்டுக்கும் இடையில் ஓர் உலகம் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் நடந்து வரைந்த நிலம் இது. இன்று சீமெந்துக்காக அம்மாவட்டமெங்கும் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. வெட்டுவதைத் தடுக்க முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், எல்லைப் படிவு தெரியும் ஒன்றிரண்டு முகங்களையாவது வேலியிட்டுக் காக்கத்தான் வேண்டும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைத்த அரசுக்கு இது பெரிய காரியம் அல்ல. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். வெளிறிய, வெயில்பட்ட சுண்ணாம்புக்கல் இந்தக் கூடுகளுக்கு உகந்த இடமல்ல. காவிரிப் படுகையில் அவற்றைத் தேடுவோர் நிலத்தடித் துளைகளின் கறுத்த களிப்பாறையைத்தான் நம்புகிறார்கள்.

பாறையிலிருந்து கூட்டை எடுப்பது பொறுமையான, ஆபத்தான வேலை. கைப்பிடியளவு துண்டை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும், இன்றைய தூசும் மகரந்தமும் ஒட்டியிருக்கக் கூடாது. உடைத்து ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துப் போகும். மிஞ்சுவது மணலும் களியும். அவற்றைக் கரைப்பது ஐதரோபுளோரிக் அமிலம். கண்ணாடியையே தின்னும் திரவம் என்பதால் பிளாத்திக்குப் பாத்திரத்தில்தான் அந்த வேலை நடக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே இறங்கி எலும்பின் கல்சியத்தைப் பிடிக்கும். அதனால் கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு பக்கத்திலேயே இருக்கவேண்டும், தனியாக ஒருவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அமிலம் தீரும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, மிக நுண்ணிய சல்லடையில் வடித்தால், சோதனைக் குழாயின் அடியில் பழுப்புப் படலமாக ஒரு சிட்டிகை தங்கும். ஒரு துளி கிளிசரின் ஜெலியோடு அதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மூடியதும் பார்வைக்கு ஆயத்தம்.

நுணுக்குக்காட்டியில் முதலில் தெரிவது குப்பை. மரத்துண்டுகளின் கறுத்த சிம்புகள், இலைத்தோல், மகரந்தம், எதுவென்று தெரியாத சவ்வுகள். தகட்டை வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும். பிறகு ஒரு முட்டையுருவம், தேன் நிறம், விளிம்பு தடித்து. குவியத் திருகை நூலளவு திருப்பினால் மேற்சுவர் மங்கி, திறப்பின் ஓரம் கூர்மையாகத் துலங்கும். ஓரத்தில் கோணங்களை எண்ணினால் எத்தனை தட்டு கழன்றது என்று தெரிந்துவிடும். சில கூடுகளில் கழன்ற தட்டு உள்ளேயே விழுந்து கிடக்கும். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் விழுந்தது அப்படியே.

அந்தக் கோணங்களை எண்ணவேண்டும் என்று உலகுக்குத் தெரிந்ததே 1961இல்தான். அதற்கு முன் நூற்றிருபது ஆண்டுக்கும் மேலாக இவை என்னவென்று எவருக்கும் உறுதியில்லை. 1830களில் பெர்லினில் கிறிஸ்டியன் எகரன்பர்க் தீக்கல்லை மெல்லிய சீவலாக அராவி, ஒளி ஊடுருவும்படி பார்த்தார். முள் முள்ளான உருண்டைகள் தெரிந்தன. நன்னீர்ப் பாசிகளில் ஒன்றென்று எண்ணி அந்தப் பெயரையே வைத்தார். 1933இல் ஒட்டோ வெற்செல் அவற்றுக்குத் தனிக் குலப்பெயர் கொடுத்தார், ஆனால் உறவுமுறை புலப்படவில்லை. முட்டை என்று சிலர் நினைத்தார்கள். வில்லியம் எவிட் என்ற அமெரிக்கர்தான் திறப்புகளை உன்னிப்பாகப் பார்த்தார். அவை தற்செயலான உடைவுகள் அல்ல, டைனோபிளாஜெலேற்றின் உடற்தட்டுகளின் இடத்தோடு அவை பொருந்துகின்றன, ஆகவே இவை அவ்வுயிர்கள் உறங்கி வெளியேறிய கூடுகள் என்று காட்டினார். அவர் சொன்னது சரியென்று உயிரோடு காட்டியவர்கள் டேவிட் வாலும் பாரி டேலும். அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் 1960களில் அவர்கள் கடற்சேற்றிலிருந்து எடுத்த உயிருள்ள கூடுகளை அடைகாத்தார்கள். கூடு திறந்து, டைனோபிளாஜெலேற்று வெளியே வந்தது.

எவிட்டின் 1961 கண்டுபிடிப்புக்கு ஆறு ஆண்டு கழித்து டிரக் தன் புது இனத்துக்கு எவிட்டின் பெயரை வைத்தார். திறப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் திறப்பால் அடையாளம் காணப்படும் இனத்துக்கு. பொருத்தமான மரியாதை.

ஓர் இனத்தை விவரிப்பது என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டின் இரண்டாவது பயணம், ஆய்வாளர் கையிலிருந்து ஆய்வாளர் கைக்கு, அதனால்தான் நடந்தது. நூறு கூடுகள் இருந்தாலும் ஒன்றை மட்டும் மூலச்சான்றாகத் தெரிந்தெடுக்கவேண்டும். அது எந்தத் தகட்டில், தகட்டின் எந்தப் புள்ளியில் இருக்கிறது, தகடு எந்த நிறுவனத்தில் காக்கப்படுகிறது என்று எழுதவேண்டும். பாறை எங்கே, எந்த அடுக்கு என்று சொல்லவேண்டும். சுவர் எத்தனை, மேற்பரப்பு எப்படி, திறப்பு எது, அளவு எதிலிருந்து எதுவரை, மிக நெருங்கிய இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று மற்றவர் கண்ணால் சரிபார்க்கும்படி எழுதி, படத்தோடு அச்சிடவேண்டும். அழகான வாக்கியங்கள் அல்ல, ஆனால் ஒவ்வொன்றும் பொறுப்புள்ள வாக்கியம்.

பெயர் மாறினாலும் இந்தப் பொறுப்பு மாறாது. அதே 1967 கட்டுரையில் டிரக் பெயரிட்ட இன்னோர் இனத்தின் கதை அதைக் காட்டும். அவர் அதைப் பால்ம்னிக்கியா கலிபோர்னிக்கா என்றார். அடுத்த ஆண்டே மோர்கன்ரோத் என்ற ஜெர்மானியர் டேனியன் பாறையிலிருந்து டேனியா மியுற்றாபிலிஸ் என்று ஒன்றை வெளியிட்டார். பிறகு இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்து டேனியா கலிபோர்னிக்கா ஆயிற்று. டேனியா என்ற குலப்பெயரும் பெயரிடல் விதிக்கு ஒவ்வாதெனக் கண்டு, 1993இல் சாரா டமாஸா என்ற ஆய்வாளரின் பெயரால் டமாஸாடினியம் ஆயிற்று. இத்தனை மாற்றத்திலும் குழப்பம் வராததற்குக் காரணம் டிரக்கின் மூலச்சான்றும் விவரிப்பும் நிலையாக நின்றதுதான். டேனியன் தொடக்கத்தைச் சொல்லும் அடையாளங்களில் ஒன்றாக இன்றும் அது பயன்படுகிறது.

எவிட்டியைக்கு வருவோம். 1980களில் ரோஸ்மேரி ஆஸ்கின் சீமோர் தீவின் பாறையைக் கரைத்துப் பார்த்தபோது, கலிபோர்னியக் குன்றில் பெயர் பெற்ற கூடு பனிக்கண்டத்தில் கிடப்பதை அடையாளம் கண்டார். 1997இல் நோர் ஹான்சனும் டாமும் நூசுவாக்கில் அதையே கண்டார்கள். இம்மூவரும் டிரக்கின் பக்கங்களோடு தம் தகடுகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். விவரிப்பு சற்றுத் தளர்வாக இருந்திருந்தால் ஒருவர் ஒரு பெயரும் மற்றவர் வேறு பெயரும் வைத்திருப்பார்கள், இரு துருவங்களையும் நோக்கி ஒரே இனம் பரவியது என்ற செய்தியே நமக்குக் கிடைத்திராது. துனீசியாவின் எல் கெஃப் பகுதியில், டேனியன் தொடங்கும் உலகளாவிய எல்லையாக 1991இல் ஏற்கப்பட்ட அதே பாறைமுகத்தில், பிரிங்க்ஹவுஸ் போன்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் எந்தக் கூடு எந்த அடுக்கில் தோன்றுகிறது, எது மறைகிறது என்று வரிசை போட்டிருக்கிறார்கள். அந்த வரிசைதான் மற்ற இடங்களின் டேனியனை அளக்கும் கோல்.

இந்தியாவில் இந்த வேலைக்கு வீடு லக்னோவில் இருக்கிறது. பீர்பல் சாஹ்னி தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனம் அது. 1949 ஏப்ரலில் கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார், ஒரு வாரத்தில் சாஹ்னி இறந்துபோனார். அவர் விட்ட வேலையை மனைவி சாவித்திரி சாஹ்னி முன்னின்று நடத்தினார். அந்நிறுவனத்தின் இதழில் 1975இல் ஜெயின், சாஹ், சிங் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழ் அசாமில், கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்ட்டியனுக்கும் டேனியனுக்கும் இடையிலான எல்லையைக் கடந்து கிடைக்கும் டைனோபிளாஜெலேற்றுகள் பற்றியது அது. விண்கல் மோதல் என்ற கருத்தை அல்வாரெஸ் குழு வெளியிட்டது 1980இல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, அந்தப் பரபரப்பு எதுவும் இல்லாத காலத்தில், இவர்கள் எல்லைக்கு மேலும் கீழும் உள்ள கூடுகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மேகாலயாவின் உம் சோரிங்க்யூ ஆற்றுப் படிவில் மோதலின் தடயமான இரிடியம் செறிந்த அடுக்கு கண்டுபிடிக்கப்பட்டு, அப்பகுதி உலகக் கவனம் பெற்றது பிந்தித்தான்.

இலங்கைக்கு அந்த வாய்ப்பு மன்னார்ப் படுகையில் இருக்கிறது. 1981இல் பேர்ள் என்ற எண்ணெய்க் கிணறும், 2011இல் டொராடோ, பரக்கூடா கிணறுகளும் அங்கே தோண்டப்பட்டன. இயற்கை வாயு தேடிப்போன துளை, மயோசீனிலிருந்து மேல் கிரெட்டேசியஸ் வரை அடுக்குகளைக் கடந்து சென்றது. நம் தரையில் இல்லாமற்போன பாலியோசீன் கடல் அந்தத் துளையில் மேலே வந்தது. வந்தது முழுத்தூணாக அல்ல, பெரும்பாலும் துரப்பணச் சகதியோடு கலந்த சிறு துகள்களாக. அதில் ஒரு சிக்கல் உண்டு. மேலடுக்கின் துகள்கள் துளைச்சுவரிலிருந்து உதிர்ந்து கீழடுக்கின் துகள்களோடு கலந்துவிடும். அதனால் ஓர் இனம் முதலில் தோன்றிய அடுக்கை இத்துகள்களிலிருந்து நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. மறைந்த அடுக்கைச் சொல்லலாம், ஏனென்றால் மேலிருந்து இறங்கும் துளை முதலில் சந்திப்பது அதைத்தான்.

இத்துகள்களை வாசிக்கும் பயிற்சியை நம் வாவிச்சேற்றிலேயே தொடங்கலாம். அம்பாந்தோட்டைக்குப் பக்கத்துக் கரகன் வாவியின் சேற்றுத்தூண்களில் சுமார் 7,000 ஆண்டுக்காலச் சுனாமி மணலடுக்குகளை எண்ணிக் காட்டிய ஆய்வு 2014இல் வந்தது. 2004இல் நாவலடியையும் கல்லடியையும் இழந்த கரைக்கு, வாவிச்சேறு பதிவேடு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தச் சேற்றின் கூடுகளை வரிசைப்படுத்தப் பழகிய கை, மன்னார்த் துகள்களையும் வாசிக்கும். இரண்டுக்கும் கருவிகள் ஏறக்குறைய ஒன்றே. சல்லடை, அமிலத்துக்கான காற்றுறிஞ்சும் அறை, நல்ல நுணுக்குக்காட்டி, தகடுகளை வைக்கத் தட்டையான இழுப்பறைகள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வாவி அதற்குத் தொலைவில்லை. இதில் ஒரு மாணவரை அமர்த்த வேண்டும் என்பதே என் ஆசை.

அப்படி ஒருவர் மன்னார்த் துகளில் மூன்று தட்டுக் கதவுள்ள பழுப்புக் கூடு ஒன்றைக் கண்டால், முதலில் செய்யவேண்டியது டிரக்கின் 1967 பக்கங்களைத் திறப்பது. அளவு பொருந்துகிறதா, உட்சுவர் பொருந்துகிறதா, மூன்று தட்டும் தனித்தனியாகக் கழன்றிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பொருந்தினால் பயணத்தின் இன்னொரு துறை பதிவாகும். பொருந்தாவிட்டால் அது புதிய இனமாக இருக்கலாம். அப்போது ஒரு கூட்டை மட்டும் தெரிந்தெடுத்து, கிளிசரின் ஜெலி காலப்போக்கில் உலர்ந்து கூட்டைச் சிதைத்துவிடும் என்பதால் மூடுகண்ணாடியின் விளிம்பைச் சுற்றிலும் அடைத்து, தகட்டின் இலக்கம், அதில் கூடு இருக்கும் புள்ளி, கிணற்றின் பெயர், ஆழம் எத்தனை மீற்றர், தகட்டைக் காக்கும் நிறுவனம் என்று எழுதத் தொடங்கவேண்டும்.